பாக்கி

காரைக்குடி புதுப் பேருந்து நிலையத்தில்
திருச்சி வண்டிகள் மூக்கை நுழைக்கும் இடத்துக்கு
நேர் பின்னால் என் மேசை.
மேசைமேல் சில்லறைத் தட்டு, கோடுபோட்ட நோட்டு,
போனில் பணம் வந்தால் கத்துகிற பெட்டி.
டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை.
இறங்கி அவசரமாய் என்னிடம் வந்தால் ஐந்து ரூபாய்.
இதைச் சொல்லிச் சண்டை போடாதவள்
புதுவயல் பக்கம் ஒருத்தியும் இல்லை.

காலை எட்டே முக்காலுக்கு
தேவகோட்டை இறங்கும், திருப்பத்தூர் இறங்கும்,
அறந்தாங்கி தொங்கிக்கொண்டே வந்து இறங்கும்.
நகைக்கடன் ஆபீஸ், இன்சூரன்ஸ், ஜவுளிக்கடை மூன்றாம் மாடி,
எல்லோரும் என் கண்ணாடி முன்னால்
பொட்டைக் கொஞ்சம் நகர்த்தி ஒட்டி,
அட்டையைக் கழுத்தில் மாட்டி
வேறு ஆளாய் வெளியேறுவார்கள்.
பஸ் மாறுகிறவர்களை டைம்கீப்பர் அருளாந்து பார்த்துக்கொள்வார்.
ஆள் மாறுகிறவர்கள் என் பொறுப்பு.

சில்லறை இல்லையென்றால் நோட்டில் எழுதுவேன்.
பெயர் கேட்பதில்லை.
பச்சைக் குடை 5.
கண்டக்டர் சம்சாரம் 10.
தும்மிக்கொண்டே வந்தவள் 5.
வட்டி பார்த்து வீடு கட்டிய ஊர்,
என் பேரேட்டிலும் முதல் குறைந்ததில்லை.
மாதக் கடைசியில் காண்ட்ராக்டர் ஆள் செல்லையா
எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும்போது
எல்லாவற்றின் மேலும் கோடு விழுந்திருக்கும்.

ஒன்றைத் தவிர.

தை மாதம். முகூர்த்த நாள்.
மாம்பழப் பட்டில் ஒரு பெண் வந்தாள்.
கையில் மஞ்சள் பை. காலில் செருப்பில்லை.
பத்து நிமிஷம்.
கதவு திறந்தபோது சுடிதார், ஈர முகம்,
வாஷ்பேசினில் நாலு முழம் மல்லிகை.
"அக்கா, ஐந்நூறாத்தான் இருக்கு."
"அதுக்கு எங்கிட்ட ஏது சில்லறை?
போயிட்டு வரும்போது குடு."
அவள் என்னைப் பார்த்தாள்,
'வரும்போது' என்ற சொல்லை
எந்தப் பையில் வைப்பதென்று தெரியாதவள் மாதிரி.
பிறகு ஓடினாள்.
திருச்சி வண்டியில் அவள் ஏறும்போதுதான் கவனித்தேன்,
உள்ளே போகிறவர்களுக்காக நான் வைத்திருக்கும்
நீல ரப்பர் செருப்பும் அவளோடு ஏறிப் போகிறது.

வெள்ளைக் கார் ஒன்று பஸ் வருகிற வழியில் புகுந்து நின்றது.
இரண்டு ஆண்கள். வியர்த்த பட்டுவேட்டி.
போனில் படம் காட்டி, "எந்த பஸ்?"
"மதுரை."
என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது.
கூண்டுக்குள்ளிருந்து தலை நிமிராமல் அருளாந்து,
"மதுரை எடுத்து இருபது நிமிஷமாச்சு.
விரட்டுனா திருப்பத்தூர்ல பிடிக்கலாம்."
கார் குன்றக்குடி ரோட்டில் பறந்தது.
அதைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசியதில்லை.
அன்றைக்கு டீக்கு அவர் காசு கொடுத்தார், அவ்வளவுதான்.

"இது என்ன, பட்டுச்சேலை 5, செருப்பு ஒரு ஜோடி?"
செல்லையா கேட்டான்.
"வரவேண்டியது."
சம்பளத்தில் பிடித்துக்கொண்டான்.
ஆனாலும் நான் கோடு போடவில்லை.
கொடுத்த கடன் திரும்பி வரவேண்டுமென்று
இந்த பஜாரில் அத்தனை கடையிலும் ஊதுபத்தி புகைகிறது.
நான் தினமும் மேசையைத் தொட்டுக் கும்பிடுவது
இந்த ஒருத்தி வந்துவிடக்கூடாதென்று.

நேற்று மதியம். மேசை முன்னால் ஆளில்லை.
பெட்டி கத்தியது:
"ஐந்து ரூபாய் பெறப்பட்டது."
எழுந்து நின்றுவிட்டேன்.
திருச்சி வண்டி காலியாய் உறுமிக்கொண்டிருந்தது.
படியில் யாருடைய கால் என்று குனிந்து பார்த்தேன்,
கிளீனர் பையன்.

கதவின் உள்பக்கமும் ஸ்டிக்கர் ஒட்டியதை
சுத்தமாய் மறந்திருந்தேன்.
மூன்றாம் கதவுக்குள்ளிருந்து ஒரு குரல்:
"அக்கா, காசு போட்டாச்சு.
தண்ணி வரலை,
மோட்டாரைப் போடுங்க."